ஒரு புள்ளி

புதுவயலில் இரவு இரண்டு மணிக்கும்
நெல் அவிகிற வாடை நிற்பதில்லை.
ஆலைப் புகைபோக்கி துப்பும் உமிச்சாம்பல்
கொசுவலை தாண்டி வந்து
என் மடிக்கணினியின் விசிறியில் உட்காரும்.
வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால்
அதைத் தட்டி எடுப்பேன்.
என் உத்தியோகத்தில்
கையால் தொட முடிகிற வேலை அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் பார்ப்பது.
எங்கேயோ குளிரூட்டிய அறையில்
நான் கண்டிராத இயந்திரங்கள் நானூற்றுப் பன்னிரண்டு.
எதன் வட்டு நிரம்புகிறது,
எதற்கு மூச்சு வாங்குகிறது,
எது நள்ளிரவுக் காப்புப்பிரதியைப்
பாதியில் போட்டுவிட்டுப் போனது என்று
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பார்ப்பதற்குச் சம்பளம்.
ஒன்றும் நடக்காவிட்டால் நான் நன்றாக வேலை பார்த்தேன்.

"ராத்திரியெல்லாம் என்ன பண்ணுன?" என்பாள் நாத்தனார்.
"ஒண்ணும் நடக்கல."
நம்பவே மாட்டாள்.

சேர்ந்த புதிதில், ஒரு மார்கழியில்,
ஒரே நிமிடத்தில் முந்நூறு எச்சரிக்கை.
திரை முழுக்கச் சிவப்பு.
மேலாளர் போனை எடுக்கவில்லை. கையேடு ஆறு வருஷப் பழசு.
பயிற்சியில் யாரோ கொடுத்திருந்த எண்களுக்கெல்லாம்
நடுங்கிக்கொண்டே தட்டினேன்:
யாராவது முழிச்சிருக்கீங்களா?

வணக்கம்கூட இல்லாமல் பதில் வந்தது.
"முந்நூறையும் பாக்காதீங்க.
முதல்ல கத்துனது எது?
மத்ததெல்லாம் அது அழுததைப் பாத்து அழுவுற புள்ளைங்க."

ஒரு சுவிட்ச். ஒரே ஒரு சுவிட்ச்.
நாலே காலுக்கு எல்லாம் பச்சை.
பிறகுதான் கேட்டேன், நீங்கள் யார் என்று.
சவரியப்பன். ஒரு ஆஸ்பத்திரியின் கணினிகள்.
சிங்கப்பூராக இருக்கும் என்று நினைத்தேன்.
தேவகோட்டை.
இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.

அப்படித்தான் சேர்ந்தோம்.
பள்ளத்தூர் மர்ஜானாவுக்குக் கப்பல் கம்பெனி.
கண்டனூர் உண்ணாமலை
பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒற்றைக் கையால் தட்டுவாள், பாதி எழுத்து விட்டுப்போகும்.
கோட்டையூர் ஏகப்பன் எந்த வங்கி என்று இன்றுவரை சொன்னதில்லை.
அவன் ஒருமுறை தப்பான இயந்திரத்தை அணைத்துவிட்டான்.
முதலில் சொன்னது எங்களிடம்தான்.
நாங்கள் திட்டவில்லை.
அதற்கென்றே அவனுக்குக் கம்பெனி இருக்கிறது.

ஆடியில் மூன்று இரவுகள்
சவரியப்பனிடமிருந்து சத்தமில்லை.

ஐந்து நிமிடம் துடிப்பு வராவிட்டால்
இயந்திரத்துக்கு மணி அடிக்கிறது.
மனுஷனுக்கு மூன்று ராத்திரி ஆனது,
"அண்ணன் எங்கே" என்று மர்ஜானா கேட்க.

தெரு தெரியாது. முகம் தெரியாது.
அவர் பேசும்போதெல்லாம் பின்னால்
மாதா கோயில் மணி கேட்கும், வெகு பக்கத்தில்.
அவ்வளவுதான் தெரியும்.
விடிய இருக்கும்போதே ஏகப்பன் வண்டியை எடுத்தான்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது.
கைலி. கன்னத்தில் கோரைப்பாயின் அச்சு.
"ஒண்ணுமில்ல தம்பி. தூங்கிட்டேன்."

ஆஸ்பத்திரி இரவுகளை ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிட்டதாம்.
ஒன்பது வருஷத்துத் தூக்கத்தை
மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தார்.
ஏகப்பனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அவர் போட்ட டீயைக் குடித்துவிட்டு
வேலைக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டான்.

இப்போது எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது,
யார் எந்த இரவு தூங்குவது என்று.
ஒருவர் தூங்கும்போது அவர் பதற்றத்துக்கு
இன்னொருவர் காது கொடுப்பார்.
இயந்திரம் ஏதும் கையில் இல்லாத சவரியப்பன் பெயரும்
அதில் இருக்கிறது. செவ்வாயும் சனியும்.
தினம் ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரு புள்ளி அனுப்பவேண்டும்.
வேறொன்றும் எழுதவேண்டாம். ஒரு புள்ளி.

நேற்று அவர் இரண்டு அனுப்பினார்.

அது என்ன என்று பேசிக்கொண்டே இருந்தோம்.
வேலை கிடைத்திருக்குமோ என்றான் ஏகப்பன்.
ரெண்டு பேராகிவிட்டாரோ என்றாள் மர்ஜானா.
கை பட்டிருக்கும் என்று உண்ணாமலை எழுதினாள், 'ட்' இல்லாமல்.
அவரையே கேட்கலாம்.
ஆனால் நேற்று அவர் தூங்குகிற முறை.

விடிந்தது. ஆலையில் அடுத்த அவியல் ஏறியது.
"ராத்திரியெல்லாம் என்ன பண்ணுன?"
"ரெண்டு புள்ளி வந்துச்சு" என்றேன்.